மாட்டு டாக்டரின் மனச்சுமையும் உழவரின் பங்கும்

சிறு, குறு உழவர் குடும்பங்களில் கறவை மாடு அன்றாடச் செலவுக்குக் கைகொடுக்கும் செல்வமாகும். மழை பொய்த்து வெள்ளாமை போன ஆண்டிலும் பால் பணத்தில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு நடக்கிறது. எனவேதான் தீவனம், தொழுவ அமைப்பு, தடுப்பூசி, சினை ஊசி ஆகியவை பற்றி நீங்கள் ஆர்வத்துடன் கேட்டறிந்து கடைப்பிடித்து வருகிறீர்கள். மாடு நோயுற்றால் கால்நடை மருத்துவரை அழைக்கிறீர்கள். அவரும் வருகிறார், ஊசி போடுகிறார், மருந்து எழுதித் தருகிறார், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். அவருடைய மனமும் களைக்கும், நலிவுறும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. மாட்டுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லை. மருத்துவர் தம் கண்ணாலும் கையாலும் அனுபவத்தாலும்தான் நோயைக் கண்டறிய வேண்டும். தூக்கமின்றி, மனம் சோர்ந்து, திட்டு வாங்கி வந்த ஒருவரின் கையும் கண்ணும் தவறு செய்யக்கூடும். அந்தத் தவறின் இழப்பு உங்கள் தொழுவத்தில்தான் விழும். அதைவிட முக்கியமானது, அவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளை என்பதாகும். மருத்துவரின் மனச்சுமையில் ஒரு பகுதி நம் தொழுவத்தில்தான் ஏற்றப்படுகிறது. அதை இறக்கி வைக்கவும் நம்மால் முடியும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பிற நாடுகளில் கண்டறிந்தவை

அமெரிக்க நாட்டில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களுடன் ஒப்பிடும்போது, ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும் பெண் கால்நடை மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்தது தெரியவந்தது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அங்கு இந்த அளவு பொதுமக்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் குறிப்பிட்டது.

அந்நாடுகளில் நாய், பூனை முதலிய செல்லப் பிராணிகளுக்கு மருத்துவம் செய்வோர் மிகுதி. அங்குள்ள எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று. ஆனால் அங்கு எடுத்துக் கூறப்பட்ட காரணங்களைப் பாருங்கள்: நீண்ட வேலை நேரம், தனியாக நின்று வேலை செய்தல், உயிர்கள் சாவதை அடிக்கடி காணுதல், உரிமையாளரின் கோபம், பணமின்மையால் சிகிச்சையைப் பாதியில் விட நேர்தல். இவற்றில் எது நம் வட்டாரத்தில் இல்லை?

பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு பரவிய கோமாரி நோயை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். நோயை ஒழிக்க அங்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. நோய் கண்ட பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணை என்ற காரணத்தாலேயே நோயில்லாத மந்தைகளும் கொல்லப்பட்டன. உயிரைக் காக்கப் படித்த கால்நடை மருத்துவர்கள் அந்த வேலையை நாள்தோறும் முன்னின்று நடத்த வேண்டியதாயிற்று. நோய் கடுமையாகத் தாக்கிய கம்பிரியா வட்டாரத்தில் உழவர்கள், வணிகர்கள், நோய் ஒழிப்புப் பணியில் ஈடுபட்டோர் உள்ளிட்ட 54 பேர் பதினெட்டு மாத காலம் வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தனர். நோய் ஓய்ந்த பின்னரும் கெட்ட கனவுகளும், கண்முன் மீண்டும் மீண்டும் தோன்றும் காட்சிகளும், ஆறாத துயரமும் தொடர்ந்ததை அக்குறிப்புகள் காட்டின. மந்தையை இழந்தவர் மனமும், அம்மந்தையை அழித்தவர் மனமும் ஒருசேரப் புண்பட்டன என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

நம் நாட்டில் கோமாரிக்காக மாடுகளைக் கொல்வதில்லை, தடுப்பூசி போடுகிறோம். எனினும் 2006-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலம் நவாப்பூர் வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் கண்டபோது பல இலட்சம் கோழிகளை அழிக்கும் பணியைக் கால்நடைத் துறையினர் செய்தனர். 2022-ஆம் ஆண்டில் தோல் கழலை நோய் பரவி இராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தபோது, அவற்றின் அருகில் நின்றவர்களும் கால்நடை மருத்துவர்களே.

ஒரு மருத்துவர், பல ஆயிரம் கால்நடைகள்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 இலட்சம் மாடுகளும், 5 இலட்சம் எருமைகளும், 45 இலட்சம் செம்மறியாடுகளும், 98 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளாடுகளும் உள்ளன. ஐயாயிரம் கால்நடை அலகுகளுக்கு ஒரு கால்நடை மருத்துவராவது இருக்க வேண்டும் என்று தேசிய வேளாண்மைக் குழு 1976-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. ஐயாயிரம் என்பதே பெரிய எண்தான். உங்கள் ஊர் மருந்தகத்தின் எல்லைக்குள் எத்தனை ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை தொழுவங்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மருத்துவரின் சுமை விளங்கும்.

அவருடைய ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு மருந்தக வாசலில் பத்து மாடுகளும் இருபது ஆடுகளும் காத்திருக்கின்றன. சினை ஊசி, சினைப் பரிசோதனை, குடற்புழு மருந்து, காயத்துக்குக் கட்டு என்று நண்பகல் வரை ஓய்வில்லை. இடையில் தொலைபேசி மணி அடித்தவண்ணம் உள்ளது. பிற்பகலில் தடுப்பூசி முகாம். தொடர்ந்து பதிவேடுகள், கணக்கு, மேலிடத்துக்கு அறிக்கை. மாலையில் எட்டுக் கிலோ மீட்டர் தொலைவில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிப்பதாக அழைப்பு. போய்ச் சேரும்போது இருட்டிவிடுகிறது. கைவிளக்கு வெளிச்சத்தில், சேற்றில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் போராடுகிறார். வீடு திரும்பி ஒரு வாய் சோறு உண்ணும்போது மீண்டும் தொலைபேசி அடிக்கிறது.

மனித மருத்துவத்தில் கண்ணுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர் என்று தனித்தனி மருத்துவர்கள் உள்ளனர். கிராமத்துக் கால்நடை மருத்துவரோ பசு, எருமை, ஆடு, கோழி, நாய் அனைத்துக்கும் ஒருவரே. அறுவை செய்பவரும் அவரே. பிரசவம் பார்ப்பவரும் அவரே. இறந்தால் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தருபவரும் அவரே.

மனச்சுமைக்கான காரணங்கள்

அ. காலம் கடந்த அழைப்பு: மாடு தீவனம் மறுத்த முதல் நாள் கைவைத்தியம், இரண்டாம் நாள் பக்கத்து ஊரில் ஊசி போடுபவர், மூன்றாம் நாள் மந்திரித்தல், நான்காம் நாள் மாடு படுத்த பிறகு டாக்டர். முதல் நாளில் எளிதாகத் தீர்ந்திருக்கும் நோயை நான்காம் நாளில் தீர்க்க இயலாமல் அவர் கைபிசைந்து நிற்கிறார். காப்பாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் வீடு வரை அவருடன் செல்கிறது.

ஆ. பணமும் மருத்துவமும்: இன்ன மருந்து கொடுத்தால் மாடு பிழைக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியும். மருந்தகக் கையிருப்பில் அது இல்லை. வெளியில் வாங்க உழவரிடம் பணம் இல்லை. உழவரின் வறுமையும் பொய்யன்று. மாட்டின் வலியும் பொய்யன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பது மனத்தை அரிக்கும்.

இ. பழிச்சொல்: கன்று ஈன்ற பசுவுக்குப் பால் சுரம் கண்டு கீழே விழுந்துவிடுகிறது. இரத்தத்தில் குறைந்துபோன சுண்ணாம்புச் சத்தை இரத்தக் குழாய் வழியாக மெதுவாகச் செலுத்துவதே அதற்குரிய சிகிச்சை. பெரும்பாலான மாடுகள் சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். நெடுநேரம் விழுந்து கிடந்து இதயம் தளர்ந்துபோன மாடு சில வேளைகளில் ஊசி ஏறும்போதே இறப்பதும் உண்டு. அப்போது, "டாக்டர் ஊசி போட்டார், மாடு செத்துப் போச்சு" என்ற ஒரே பேச்சு ஊரெங்கும் பரவுகிறது. கூட்டம் கூடுகிறது, ஏசுகிறது, வண்டியை மறிக்கிறது. தொண்ணூற்றொன்பது மாடுகளைப் பிழைக்க வைத்தது எவர் நினைவிலும் நிற்பதில்லை. ஒன்று இறந்தது ஆண்டுகள் பல கடந்தும் நிற்கிறது.

ஈ. பொய்ச் சான்று கேட்டல்: காப்பீடு செய்யாத மாடு இறந்தபின் காப்பீடு செய்த மாட்டின் காதுவில்லையைக் காட்டிச் சான்று கேட்பது, நோயுற்ற மாட்டை விற்க நலச்சான்று கேட்பது ஆகியவை சில இடங்களில் நடைபெறுகின்றன. கொடுத்தால் சட்டப்படி குற்றம். மறுத்தால் ஊர்ப் பகை. நேர்மையாக இருக்க விரும்பும் இளம் மருத்துவரை இது மிகவும் அலைக்கழிக்கிறது.

உ. உடலுக்கு வரும் ஆபத்து: உதை, முட்டு, கயிற்றில் சிக்கி விரல் முறிதல் ஆகியன வெளியே தெரியும் ஆபத்துகள். தெரியாதவையும் உள்ளன. நாய் கடித்ததைச் சொல்லாமல், "தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால், மருத்துவர் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார். அது வெறிநோயாக இருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. கன்று வீச்சு நோய் கண்ட மாட்டின் நச்சுக்கொடியிலிருந்து கிருமி தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் அவரை நெடுங்காலம் வாட்டும். இந்நோய்க்கான தடுப்பூசி மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால், ஊசி தவறிக் கையில் குத்தினாலும் நோய் வரலாம். இந்த அச்சத்தோடு வீட்டுக்குப் போய்த்தான் அவர் தம் குழந்தையைத் தூக்குகிறார்.

ஊ. தனிமை: பெரிய மருத்துவமனையில் ஐயம் எழுந்தால் அருகில் இருப்பவரைக் கேட்கலாம். கிராமத்தில் அவர் ஒருவரே. பெண் மருத்துவராக இருந்தால் இரவில் அறிமுகமில்லாத தோட்டத்துக்குத் தனியே செல்ல வேண்டிய கவலையும், "பெண்ணால் மாட்டைப் பிடிக்க முடியுமா?" என்ற ஏளனமும் சேர்ந்துகொள்கின்றன.

நலிவின் அறிகுறிகள்

ஏர் மாட்டை ஓய்வின்றி ஓட்டினால் ஒரு நாள் சாலிலேயே படுத்துவிடும். அதற்கு முன்பே அது நடை தளரும், நுரை தள்ளும், அசை போடாது. மனித மனமும் அவ்வாறே முன்னறிவிப்புகளைத் தருகிறது. உடல் களைத்திருந்தும் தூக்கம் வராமை, சிறு சொல்லுக்கும் சினம், முன்பு விரும்பிச் செய்த வேலையில் வெறுப்பு, நோயுற்ற உயிரைக் கண்டாலும் இரக்கம் தோன்றாத மரத்த நிலை, எவருடனும் பேசாமல் ஒதுங்குதல், குடிப்பழக்கம் மிகுதல், "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு ஆகியவை முக்கிய அறிகுறிகளாகும்.

இடைவிடாது பிறர் துன்பத்தையும் உயிர்களின் வலியையும் கண்டு வருபவருக்கு இரக்கமே வற்றிப் போவது உண்டு. இதனை இரக்கச் சோர்வு என்பர். இது கல்நெஞ்சமன்று. ஊற்றைவிட இறைப்பு மிகுந்தால் கிணறு வற்றுவதைப் போன்றதே இது. சில நாள் இறைக்காமல் விட்டால் நீர் ஊறுவதுபோல, ஓய்வும் பேச்சுத் துணையும் கிடைத்தால் மனமும் ஊறும். தேவைப்படும்போது மனநல மருத்துவமும் நல்ல பயன் தருகிறது. மனநலிவு பலவீனத்தின் அடையாளமன்று, பைத்தியமும் அன்று. மடிவீக்கத்துக்கு மருத்துவம் பார்ப்பது போலவே இதற்கும் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம்.

உழவர் செய்ய வேண்டியவை

கீழ்க்கண்ட முறைகளுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. இவை மருத்துவரின் சுமையைக் குறைப்பதோடு உங்கள் மாட்டின் உயிரையும் காக்கும்.

1. காலத்தில் அழையுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்றின் காலோ தலையோ தென்படாவிட்டால் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துவிட்டுப் பிறகு அழைத்தால் கன்றும் போகும், தாயும் போகலாம். ஈன்று 12 மணி நேரம் கடந்தும் நச்சுக்கொடி விழவில்லையானால் தெரிவிக்க வேண்டும். அதில் கல்லையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிடக் கூடாது. இடது வயிறு உப்பி மாடு மூச்சுத் திணறினாலும், ஈன்ற மூன்று நாட்களுக்குள் மாடு படுத்து, தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டாலும் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

2. அவசரமல்லாதவற்றைப் பகலில் சொல்லுங்கள். குடற்புழு மருந்து, சினைப் பரிசோதனை, பழைய புண் ஆகியவற்றுக்கு நள்ளிரவில் தொலைபேசி செய்ய வேண்டியதில்லை. காலையில் சினைப் பருவ அறிகுறி தென்பட்டால் அன்று மாலையும், மாலையில் தென்பட்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவதே சரியான தருணம் என்பதால், அதற்கும் இரவில் ஓட வேண்டிய தேவை இல்லை. மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

3. மாட்டைக் கட்டி வையுங்கள். டாக்டர் வந்த பிறகு மேய்ச்சலில் இருக்கும் மாட்டைத் தேடிப் போகாதீர்கள். உறுதியான கயிறு, நல்ல மூக்கணாங்கயிறு, பிடிக்கப் பழகிய இருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஊரில் பலர் சேர்ந்து, மாட்டை உள்ளே நிறுத்திக் கட்டும் மரச்சட்டம் ஒன்றைப் பொது இடத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம் பல உதைகளைத் தடுக்கும்.

4. நீரும் விளக்கும் எடுத்து வையுங்கள். ஒரு வாளி சுத்தமான நீர், சோப்பு, துண்டு, இரவென்றால் நல்ல விளக்கு ஆகியன போதும்.

5. உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை நாளாக நோய், என்னென்ன மருந்து கொடுத்தீர்கள், வேறு யார் ஊசி போட்டார், நாய் கடித்ததா, கன்று வீசியதா, முற்றாத சோளப்பயிரை மேய்ந்ததா, உரமோ பூச்சிமருந்தோ தின்றிருக்குமா என்பதை மறைக்காமல் கூற வேண்டும். தவறு உங்களுடையதாக இருந்தாலும் சொல்லுங்கள். மறைத்த செய்தி மாட்டைக் கொல்லலாம், மருத்துவரையும் கொல்லலாம்.

6. செலவை முன்னதாகவே பேசுங்கள். "டாக்டர், என்னிடம் இவ்வளவுதான் பணம் உள்ளது, இதற்குள் என்ன செய்ய முடியும்?" என்று தொடக்கத்திலேயே கேட்பதில் வெட்கம் இல்லை. அவருக்கும் வழி தேட வசதியாக இருக்கும்.

7. தடுப்பூசி முகாமுக்கு ஒத்துழையுங்கள். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கன்று வீச்சு நோய்த் தடுப்பூசியை 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போட்டால் போதும். வராத நோய்க்கு மருத்துவம் தேவையில்லை. மருத்துவரின் வேலையும் குறைகிறது.

8. பொய்ச் சான்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டார் கேட்டாலும் தடுங்கள். உண்மையான காப்பீட்டுக் கோரிக்கைக்குச் சான்று கேட்கும்போது அந்தச் சான்றுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், பொய்ச் சான்று எங்கும் இருக்கக் கூடாது.

மாடு இறந்துவிட்டால்

பெற்ற பிள்ளைபோல் வளர்த்த மாடு கண்முன் சாகும்போது துயரமும் கோபமும் வருவது இயல்பே. கடன் வாங்கி வாங்கிய மாடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தக் கோபம் பெரும்பாலும் எதிரில் நிற்பவர் மீதுதான் பாய்கிறது. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் முன்வந்து, உழவரை ஒரு புறம் அழைத்துச் சென்று அமர வைத்துத் தண்ணீர் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

சாவுக்கான காரணத்தில் ஐயம் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதனால் உண்மை வெளிப்படும். மற்ற மாடுகளையும் காக்கலாம். காப்பீட்டுத் தொகை பெறவும் உதவும். ஆனால் மாடு திடீரென இறந்து மூக்கு, ஆசனவாய் முதலிய துவாரங்களில் இரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அதனை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. மருத்துவரும் அறுக்க மாட்டார். அவர் மறுப்பதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்ததாக உறுதியாக எண்ணினால் மேலதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். கவனக்குறைவான மருத்துவரும் இருக்கலாம். அவரைக் கேள்வி கேட்பதில் தவறில்லை. முறையீடு என்பது வேறு. கூட்டம் கூடி ஏசுவது வேறு. முன்னது தவறைத் திருத்தும். பின்னது நல்ல மருத்துவரையும் அடுத்த முறை சிக்கலான மாட்டைத் தொட அஞ்சச் செய்யும். அவ்வாறு அஞ்சி, "மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்" என்று அவர் சொல்லிவிட்டால், விழுந்து கிடக்கும் மாட்டை நாற்பது கிலோ மீட்டர் எப்படிக் கொண்டு செல்வீர்கள்?

மாடு பிழைத்துவிட்டால் மறுநாள், "டாக்டர், மாடு எழுந்து தீவனம் தின்கிறது" என்று ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லுங்கள். பலர் சாவைச் சொல்லத்தான் அழைக்கிறார்கள். பிழைத்ததைச் சொல்வோர் மிகக் குறைவு. அந்த ஒரு வார்த்தையில் அவருடைய முந்தைய இரவின் களைப்பு பாதி தீர்ந்துவிடும்.

பேச்சே முதல் உதவி

உங்கள் ஊர் மருத்துவர் முன்போல் இல்லை, முகம் வாடியிருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது என்று தெரிந்தால் ஒதுங்கிப் போய்விடாதீர்கள். திண்ணையில் அமர வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். "என்ன டாக்டர், உடம்புக்கு ஆகவில்லையா? மனசு சரியில்லையா?" என்று கேளுங்கள். அவர் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று தள்ளிவிடாதீர்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் கேட்டால், அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறான கருத்து. அன்போடு நேரே கேட்பதால் தீங்கு இல்லை. மனம் திறந்து பேச வழி பிறக்கிறது. அத்தகைய எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் தெரிவித்து மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்த நேரத்திலும், தமிழிலேயே மனநல ஆலோசகருடன் பேசலாம்.

இந்த எண் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. வெள்ளாமை பொய்த்து, கடன் நெருக்கி, மாடும் இறந்து மனம் உடைந்திருக்கும் உழவருக்கும், அவர் வீட்டுப் பெண்களுக்கும், பரீட்சைக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கும் இது உதவும். இதனைத் தொழுவச் சுவரில் மருந்தக எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இன்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கின்றனர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படித்து முடித்து, அவர்கள் எங்கோ ஓர் ஊரில் இரவு நேரத்தில் எவர் தொழுவத்திலோ மண்டியிட்டு உட்காரப் போகிறார்கள். உங்கள் மகனோ மகளோ அவ்வாறு போகும்போது அந்த ஊரார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புவீர்களோ, அப்படியே உங்கள் ஊருக்கு வரும் மருத்துவரிடம் நீங்கள் நடந்துகொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே! நேரத்தோடு ஓர் அழைப்பு, உறுதியான ஒரு கயிறு, ஒரு வாளி நீர், ஓர் உண்மைச் சொல், மாடு பிழைத்தால் ஒரு நன்றி. இவ்வளவையும் இன்றிலிருந்தே கடைப்பிடிக்கலாம். மருத்துவர் மனம் தெளிந்திருந்தால் அவர் கை தெளிவாக இருக்கும். அவர் கை தெளிவாக இருந்தால் உங்கள் மாடு பிழைக்கும்.